தகட்டில் முளைத்த முடி

என் மனைவி ஐரீனுக்குக் கண் கூர்மை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். தான் கண்டதைக் காணவில்லை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்பது மீதிப் பாதி. ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சாமியாரிடம் போய், பூசை உடுப்பின் ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது என்றாள். அப்படி ஒன்றும் இல்லை என்றார் சாமியார். ஊசியும் நூலுமாக அவள் அங்கேயே நின்றாள். சாமியாருக்குப் பசி வேளை. உடுப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இப்படிப்பட்டவளோடு முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவன் நான். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கிறது?

கான்வென்ட் கன்னியாஸ்திரிகள் அவளுக்குப் பூத்தையல் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் நூல் கிடைக்காமல் போனதும், பழைய மேசைவிரிப்புகளைப் பிரித்து அதிலிருந்து இழை இழையாக நூல் எடுப்பாள். நான் தடவிப் பார்த்தாலும் அகப்படாத இழையை அவள் இரண்டு விரலால் பிடித்துக் காற்றில் ஆட்டிக் காட்டுவாள். நானும் பார்த்தது போலத் தலையாட்டி வைப்பேன்.

நான் ரேடியோ மெக்கானிக். பெயர் ஹென்றி. ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த பிறகு, ரேடியோ வைத்திருந்தவர்களெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு பீச் ஸ்ட்ரீட்டில் ஓர் ஆபீசுக்கு வரவேண்டியிருந்தது. தூர தேசத்து நிலையங்களைப் பிடிக்கும் கம்பிச்சுருளை அங்கே வெட்டி எடுத்துவிடுவோம். அப்புறம் உள்ளூர் நிலையம் மட்டும்தான் பாடும். பின்பலகையை மூடித் திருகாணிகளுக்குக் குறுக்கே கம்பி கட்டி, அரக்கு உருக்கி ஊற்றினால், லெப்டினன்ட் ஹயாமா தன் கையாலேயே அதில் முத்திரை வைப்பார். பிறகு அந்த முத்திரை உடைந்திருந்தால் வீட்டுக்காரன் தொலைந்தான். சீல் வைத்த ரேடியோ பழுதானால் ஆபீசுக்குத்தான் வரவேண்டும், ஆபீசில் அதைத் திறக்க அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான். அந்த வேலையால்தான் எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கோடு வாரத்தில் இரண்டு நாள் அரிசியும் வெந்தது.

அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதைச் சொல்வதற்கு ரேடியோவின் வயிற்றுக்குள் கொஞ்சம் போகவேண்டும். நிலையம் மாற்றும் குமிழைத் திருப்பினால் உள்ளே கண்டென்சர் என்ற ஒன்று சுற்றும். அதில் மெல்லிய தகடுகள் இரண்டு வரிசை. ஒரு வரிசை அசையாமல் நிற்கும், மற்றது அதன் இடைவெளிகளுக்குள் தொடாமல் நுழைந்து வெளியே வரும். ஒன்றையொன்று தொட்டால் அந்த இடத்தில் ரேடியோ ஊமையாகிவிடும். பினாங்குக் கடல் காற்றில் இந்த இரும்புத் தகடுகள் துருவேறிப் பொரிந்துபோயின. புதுசு வாங்கச் சாமான் இல்லை. சூலியா ஸ்ட்ரீட்டில் சைக்கிள் கம்பிகளுக்குக் காட்மியம் முலாம் போடும் பஷீரிடம் தகடுகளைக் கொண்டுபோய் நான் முலாம் போடவைத்தேன். கண்ணாடியில் முகம் பார்ப்பது போல அதில் பார்க்கலாம். பதினோரு ரேடியோவுக்கு அப்படிச் செய்தேன். இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதினொன்றில் ஒன்று கடற்கரைப் பாடாங் மைதானத்தில் ஒலிபெருக்கிக்குப் பூட்டியிருந்த ரேடியோ. தினமும் காலையில் ஆபீஸ் ஆட்களெல்லாம் அங்கே வரிசையாக நின்று, ரேடியோ எண்ணுகிற எண்ணிக்கைக்குக் கை கால் தூக்கிப் பயிற்சி செய்ய வேண்டும். நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை, எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிய நேரத்தில் எண்ணிக்கை நின்றுபோயிற்று. அடுத்த எண் வராமல் கையை இறக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இருநூறு பேர் சரணடைந்தவர்கள் போல நின்றார்கள். ஹயாமாவும் கையைத் தூக்கியபடியே நின்றார்.

ரேடியோவைத் திரிஷா என்ற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியில் ஏற்றி என் மேசைக்கு அனுப்பினார்கள். போட்டுப் பார்த்தால் குயில் மாதிரிப் பாடுகிறது. ஒரு பழுதும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பத்து நாளில் மறுபடி ஊமை. மறுபடி திரிஷா, மறுபடி என் மேசையில் பாட்டு. மூன்றாவது தடவையும் இதே கூத்து நடந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

அன்று மத்தியானம் ஐரீன் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் சாப்பிடுகிற நேரத்தில், திறந்து கிடந்த ரேடியோவைச் சன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். பிறகு தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். உள்ளே வெள்ளி நூல் இருக்கிறது என்றாள். நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சிலந்தி வலையாக இருக்கும் என்றேன். இல்லை என்றாள். அப்படியானால் உன் தலைமுடியாக இருக்கும், சாப்பாட்டிலும்தான் கிடக்கிறதே என்றேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் கோபப்படாமல் சொன்னாள். “விழுந்த நூலா இருந்தா படுத்துல்ல கெடக்கும்? இது நிக்கிதுங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்துப் பன்னெண்டு இருக்கு. எல்லாம் ஒங்க முலாம்லேருந்துதான் மொளைச்சிருக்கு. பக்கத்துல இருக்கிற பித்தளையில ஒண்ணுகூட இல்ல, பாருங்க.”

என் முலாமில் முடி முளைக்கிறதாம். பினாங்கிலேயே பளபளப்பான முலாம்! தகடு என்ன தாடையா, முடி முளைக்க, வீட்டுக்குப் போய் உலையைப் பார் என்றேன். அவள் போன பிறகு என்ன செய்தேன் தெரியுமா? மெல்லிய பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு தகட்டு இடுக்கிலும் விட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். அவள் சொன்னதை நம்பித் துடைக்கவில்லை, ஒருவேளை தூசியாக இருக்கலாம் என்றுதான் துடைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைவிட முட்டாள்தனம் என் வாழ்நாளில் வேறு செய்ததில்லை. இரண்டு நாள் நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. ஒற்றை அறை வீட்டில் பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். எங்கள் இருவருக்கும் அது இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஹயாமா என்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா, குலசேகரம் மொழிபெயர்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நாலே மாதத்தில் ஜப்பான்காரனின் நிப்போன் பாஷையைப் பிடித்துக்கொண்டவர். பயிற்சியில் ஊமையாகிற ரேடியோ என் மேசைக்கு வந்ததும் பாடுகிறது, போன பிறகு மறுபடி ஊமையாகிறது. அப்படியானால் அதை ஊமையாக்குகிறவன் நான்தான், இது நாசவேலை என்றார் ஹயாமா. சயாம் ரயில் ரோடு போட வெள்ளிக்கிழமை நாற்பது பேர் போகிறார்கள், அந்த நாற்பதில் ஒருவனாக ஹென்றியையும் சேர் என்றார். குலசேகரம் அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

சயாமுக்குப் போனவர்களில் ஒருவன்கூட அதுவரை திரும்பி வரவில்லை. அந்தப் பயத்தில்தான் ஐரீன் சொன்னது நினைவுக்கு வந்தது. தகட்டில் தானாக முடி முளைத்திருக்கிறது, திரிஷா குலுக்கலில் அது ஒடிந்துபோவதால்தான் இங்கே வந்ததும் பாடுகிறது, கொஞ்ச நாளில் வேறொரு முடி நீண்டு எதிர்த்தகட்டைத் தொடுகிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஹயாமா சிரித்தார். முடியைக் காட்டு என்றார். எதைக் காட்டுவேன்? எல்லாவற்றையும் நானே துடைத்து வைத்திருந்தேனே.

வீட்டுக்கு வந்து ஐரீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷ் விஷயத்தையும் சொன்னேன். நான் சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, முலாம் போட்ட மற்ற பத்தும் எங்கே என்று கேட்டாள். எல்லாம் ஹயாமா முத்திரைக்குள் பத்திரமாக இருக்கிறது என்றேன்.

“அப்புறம் என்ன? சீல் அவரோடது. அவரே ஒடைச்சுப் பாக்கட்டும். உள்ள முடி இருந்தா அதை யாரு போட்டதுன்னு அவரே சொல்லட்டும்.”

மறுநாள் காலையிலேயே குலசேகரத்தின் வீட்டுக்குப் போனோம். அவர் ரேடியோவும் அந்தப் பதினொன்றில் ஒன்று. சீல் வைத்து எட்டு மாதமாகியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மனிதர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, “தம்பி, என்ர செட்டும் ரெண்டு கிழமையாக் கரகரக்குது. குமிழை ஒரு இடத்தில திருப்பினா செத்துப்போகுது. சந்தேகப்படுவாங்கள் எண்டு பயத்தில நான் வாயே திறக்கேல்லை” என்றார். உள்ளே ஏதாவது தப்பாக இருந்தால் பட்டியலில் அவர் பெயரும் ஏறும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மனைவி கமலாம்பிகை அடுப்படியிலிருந்து, கொடுத்துவிடுங்கோ என்று மட்டும் சொன்னார். குலசேகரம் கொடுத்துவிட்டார்.

அதை ஆபீசுக்குக் கொண்டுபோவதுதான் பெரிய பாடு. குலுங்கினால் முடி ஒடிந்துபோகும், திரிஷாவில் ஏற்ற முடியாது. பத்து நிமிஷத்து நடை, குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து கடைத்தெரு வழியாக. மாதா திருநாளில் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போவோமே, அப்படிப் போகலாம் என்றாள் ஐரீன். ஒரு பலகையில் ரேடியோவை வைத்து, முன்னால் அவளும் பின்னால் நானுமாகத் தூக்கி, அடியை எண்ணி எண்ணி வைத்து நடந்தோம். குலசேகரம் குடையை விரித்து ரேடியோவுக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். கடைத்தெருவில் துணிக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒரு கிழவி கும்பிட்டுவிட்டாள்.

முக்கில் ஜப்பான் சிப்பாய் நின்றான். அவன் முன்னால் இடுப்பை வளைத்து வணங்காமல் போனால் கன்னம் பழுத்துவிடும். வணங்கினாலோ பலகை சரிந்து ரேடியோ குப்புற விழும். ஐரீன் திரும்பிப் பார்க்காமலே, “கோவில்ல செய்யிற மாதிரி ஒத்தை முழங்கால் போடுங்க, முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும்” என்றாள். இரண்டு பேரும் ஒன்றாக, மெள்ள, நற்கருணைப் பேழைக்கு முன்னால் போடுவது போல முழங்காலிட்டுத் தலையை மட்டும் தாழ்த்தினோம். பலகை இம்மியும் சாயவில்லை. அந்தச் சிப்பாய்க்கு அவ்வளவு பெரிய மரியாதையை அதுவரை யாரும் செய்திருக்க மாட்டார்கள். திகைத்துப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்து வழிவிட்டான். சைவரான குலசேகரமும் எங்களைப் பார்த்து முழங்காலிட்டுவிட்டார், எழுந்திருக்கத்தான் அவருக்குக் கஷ்டமாகப் போயிற்று. சேசுவே, எனக்கு வந்த சிரிப்பை நான் அடக்கிய பாடு!

ஆபீசில் ஹயாமா தன் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்தார். உடையவில்லை. தன் கையாலேயே வெட்டித் திறந்தார். மேசை விளக்கை நேரே பிடித்து உள்ளே பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று நிமிர்ந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. ஐரீன் யாரிடமும் கேட்காமல் விளக்கை அணைத்தாள். பலகையோடு ரேடியோவை மெதுவாகச் சன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் தகடுகளின் மேல் பக்கவாட்டில் படும்படி வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்து நின்றாள்.

ஹயாமா குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. இரண்டு நாள் சவரம் செய்யாத முகத்தைப் போல, தகடு முழுக்க வெள்ளி முடிகள் நின்றன. எனக்கே அப்போதுதான் முதல்முதலாகத் தெரிந்தது. என் பளபளப்பான முலாமைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பத்து மடங்கு சந்தோஷமாக இருந்தது. ரேடியோவைப் போட்டுக் குமிழை மெதுவாகத் திருப்பினேன். ஓர் இடத்தில் பாட்டு செத்தது. ரேடியோவை அணைத்து, கண்டென்சரின் வயரைக் கழற்றி, கார் பேட்டரியை ஒரு கணம் இரண்டு வரிசைத் தகடுகளிலும் தொட்டேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பொறி வந்தது. முடி எரிந்துபோயிற்று. வயரை மாட்டிப் போட்டால் அதே இடத்தில் ரேடியோ பாடியது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஹயாமா நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு, முலாம் போட்டது யார் என்று கேட்டார். யாராவது ஒருவன் குற்றவாளியாக இருந்தே ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. பஷீருக்கு நாலு பிள்ளைகள். நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் அவருடைய சொந்த ரேடியோ கரகரத்துக்கொண்டிருந்தது. அவர் நாட்டிலிருந்தே கொண்டுவந்தது, எங்கள் கை படாதது. அது கரகரக்கும்போதெல்லாம் அவர் திரும்பிப் பார்க்காமலே அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அப்போதும் தட்டினார்.

ஐரீன் குலசேகரத்திடம் சொன்னாள். “ஐயா, அந்த ரேடியோவையும் தொறந்து பாக்கச் சொல்லுங்க. அதுக்கு யாரு முலாம் போட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாது.”

குலசேகரம் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, சுற்றி வளைத்து, மன்னிப்பு மன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு சொல்லி முடிக்க நிரம்ப நேரமாயிற்று. ஹயாமா அவளை முறைத்தார். பிறகு எழுந்து, அலமாரியோடு அதைச் சன்னல் பக்கம் திருப்பி, அவரே பின்பலகையைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். மூடினார். தன் தாடையைத் தடவிக்கொண்டார். இன்றைக்குப் புழுக்கம் அதிகம் என்று சொன்னார். அதைக்கூடக் குலசேகரம் கடமையாக மொழிபெயர்த்தார்.

பட்டியலை எடுத்துச் சிவப்புப் பென்சிலால் என் பெயரை அடித்தார். எல்லா ரேடியோவுக்கும் மாதம் ஒருமுறை முடி எடுக்க வேண்டும், எடுப்பதற்கு முன்பும் பின்பும் ஹென்றியின் மனைவி பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்கு அவளுக்குத் தனி அரிசிப் பங்கு என்று உத்தரவு போட்டார். தன்னுடையதுதான் முதல் என்றும் சொன்னார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கிருந்து ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஐரீனின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. குலசேகரத்தின் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“ஐயா, இவரு பேரை அடிச்ச எடத்துல யாரு பேரை எழுதப் போறீங்க?”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. நாற்பது பேர் என்றால் நாற்பது பேர் போக வேண்டும். என் இடத்துக்கு எவனோ ஒருவனைப் பிடிப்பார்கள். அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். குலசேகரம் பட்டியலைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதைப் புதிதாக டைப் அடிக்கத் தொடங்கினார். அடித்து முடிக்கும் வரையில் நாங்கள் நின்றோம். கடைசியில் காகிதத்தை உருவி அவளிடம் காட்டினார். மேலே நாற்பது என்று இருந்தது. கீழே வரிசை எண்ணும் நாற்பதில்தான் முடிந்தது. ஆனால் நடுவில் இருபத்திரண்டுக்கு அடுத்தது இருபத்திநாலு.

“முப்பது வருஷ உத்தியோகத்தில நான் ஒரு பிழையும் விட்டதில்லை, பிள்ளை. ஒரு பிழை விட எனக்கு உரிமை இல்லையோ?” என்றார்.

ஐரீன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். என் பெயரை அடித்தபோதுகூட அவள் அழவில்லை. போகும்போது, அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

விட்டுப்போன எண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை முப்பத்தொன்பது பேர் படகேறி அக்கரைக்குப் போய் ரயில் ஏறினார்கள். சண்டை முடிந்து திரும்பியவர்கள் எட்டுப் பேர். ஐரீன் உயிரோடு இருந்தவரை வருஷா வருஷம் அந்த முப்பத்தொன்பது பேருக்கும் பூசை வைத்தாள். இந்துப் பெயர், முஸ்லிம் பெயர், எங்கள் கிறிஸ்தவப் பெயர் என்று சாமியார் எல்லாவற்றையும் வாசிப்பார். அவர் வாசித்து முடிக்கும் வரை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.